தர்மபுரியில் நல்ல தட்டுவடை செட் எங்கே கிடைக்கும்?

எல்லாருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி சேலத்திலிருந்து தர்மபுரி வந்து இரண்டு மாதம் ஆகிறது. மணி நாலானால் நாக்கு தானாகத் தட்டுவடை செட்டைத் தேடுகிறது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி... சேலத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இங்கே ஒரு தள்ளுவண்டியில் வாங்கினேன். தட்டுவடை நமுத்துப்போய், காயில் ஊசின வாடை. ராத்திரி முழுக்க வயிறு படுத்திய பாடு!

ஆபீஸில் ஒருவர் நிப்பட்டில் (கர்நாடகப் பக்கத்துத் தடித்த தட்டை) மசாலா போட்டுச் சாப்பிடச் சொல்கிறார். நிப்பட்டு எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் செட்டுக்கு மெல்லிய தட்டுவடைதான் சரி.

காயை அன்றன்றைக்குத் துருவுகிற கடை, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், பஜ்ஜி போண்டாவைச் செய்தித்தாளில் வைத்துத் தராத இடமாக இருக்கட்டும். அச்சு மை எண்ணெயோடு ஒட்டும், உணவுப் பாதுகாப்புத் துறையே கூடாது என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார். பல்செட் கட்டியவர், அவருக்குத் தட்டுவடையை நொறுக்கிக் காய், சட்னி கலந்து தருகிற நொறுக்கல்தான் தோது. அதுவும் போடுகிற கடை என்றால் ரொம்ப நல்லது. சனிக்கிழமைக்குள் சொன்னால் முதலில் நானே சாப்பிட்டுப் பார்த்துவிடுவேன்.