அமலா, கமலா: கண் ஒளிர்ந்ததா, இல்லையா?

செம்பருத்தி:
நேற்று கரக்பூர் பேரன் ஐயா இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "அமலா, கமலா இருவரையும் வளர்த்தது ஓநாய். இருட்டில் அவர்கள் கண் நீலமாக ஒளிர்ந்தது. இது நிரூபணமான அறிவியல்" என்கிறார். நான் பதினெட்டு வருஷமாகச் சிறப்புப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பி.எட். வகுப்பில் எனக்கும் இதே கதையைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1920 அக்டோபரில் வங்காளத்தின் மிதுனாபூர் பக்கம், காட்டில் ஒரு கரையான் புற்றுக்குள் ஓநாய்களோடு இருந்த இரண்டு பெண் பிள்ளைகளை மீட்டதாகப் பாதிரியார் ஜே. ஏ. எல். சிங் சொன்னார். அவர் அங்கே அனாதை இல்லம் நடத்தியவர். கமலாவுக்கு எட்டு வயது இருக்கும், அமலாவுக்கு ஒன்றரை. சின்னவள் 1921 செப்டம்பரில் இறந்துபோனாள், பெரியவள் 1929 நவம்பரில். புற்றுக் கதைக்கு ஆதாரம் சிங்கின் நாட்குறிப்புதான். அந்த நாட்குறிப்பே 1935-க்குப் பிறகு எழுதப்பட்டது, படங்கள் 1937-இல் வேறு சிறுமிகளை வைத்து எடுக்கப்பட்டவை என்று பிரெஞ்சு அறுவை மருத்துவர் செர்ஜ் அரோல்ஸ் ஆவணங்களைத் தேடிப் பார்த்து 2007-இல் புத்தகமே போட்டார். கமலாவுக்கு ரெட் சிண்ட்ரோம் (பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு வரும், பேச்சையும் கைப் பழக்கத்தையும் பறிக்கும் நரம்புக் கோளாறு) இருந்திருக்கும் என்பது அவர் முடிவு.

ஓநாய் தூக்கிப் போயிற்று என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன மனிதர்களைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

கரக்பூர் பேரன்:
டீச்சரம்மா, என் தாத்தா 1926-லிருந்து கரக்பூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மிதுனாபூர் பக்கத்து ஊர். கமலாவைக் கண்ணால் பார்த்தவர் அவர். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் கண் நீலமாக மினுங்கியது என்று சாகும்வரை சொன்னார். பிரெஞ்சுக்காரர் எண்பது வருஷம் கழித்து வந்து எழுதினால் உண்மை, எங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னால் பொய்யா?

மருதன்:
தாத்தாவை யாரும் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆனால் மனிதக் கண் இருட்டில் மினுங்காது. நாய், பூனை, மாடு, ஓநாய்க்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் உண்டு. நமக்குக் கிடையாது. ஓநாயோடு எத்தனை வருஷம் படுத்து எழுந்தாலும் அது முளைக்காது. போன வருஷம் நாகமாணிக்கத் திரியிலும் இப்படித்தான், "என் மாமா பார்த்தார்" என்று நாற்பது பதிவு போட்டீர்கள். மாணிக்கம் இன்னும் வரவில்லை.

கரக்பூர் பேரன்:
நாகமாணிக்கத்தை இங்கே இழுக்காதீர்கள். அங்கே நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியவர் நீங்கள். மனிதக் கண் மினுங்காது என்றால், கல்யாண ஃபோட்டோவில் ஃபிளாஷ் அடித்தால் எல்லோருக்கும் கண் ஏன் சிவக்கிறது?

மருதன்:
அது கண்ணின் பின்பக்க ரத்தக் குழாய்களின் நிறம், ஃபிளாஷ் வெளிச்சத்தில் தெரிகிறது. சிவப்பு! உங்கள் தாத்தா சொன்னது நீலம். அன்றைக்கு அங்கே யார் ஃபிளாஷ் அடித்தார்கள்?

நிலா அப்பா:
கண் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபோட்டோவில் குழந்தையின் ஒரு கண் மட்டும் சிவப்பாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். எங்கள் சொந்தத்தில் நடந்தது.

பழைய நூலகர்:
முதலில் "காட்டுக் குழந்தை" என்றால் யார் என்று வரையறுத்துக்கொள்ளலாமே? விலங்கு வளர்த்தது ஒன்று, காட்டில் தனியாகப் பிழைத்தது ஒன்று, வீட்டுக்குள் பூட்டி வைத்தது ஒன்று. மூன்றையும் கலக்கிறீர்கள். அப்புறம், அது மிதுனாபூர் அல்ல, மேதினிப்பூர்.

சிங்கின் நாட்குறிப்பு 1942-இல் புத்தகமானபோது முன்னுரை தந்தவர் பிஷப் பேக்கன்ஹாம்-வால்ஷ். நம் கோவை தடாகத்தில் ஆசிரமம் நடத்தியவர். அவரை ஏமாளி என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

மருதன்:
பிஷப் சிங்கை நம்பினார், அவ்வளவுதான். 1920-இல் புற்றுப் பக்கத்தில் அவர் நிற்கவில்லை. மிதுனாபூர் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பழைய நூலகர்:
குறையும். ஊர்ப் பெயரையே சரியாக எழுதாதவர்கள் கண் மருத்துவம் பேசுகிறீர்கள்.

கரக்பூர் பேரன்:
தாத்தா மிட்னாப்பூர் என்றுதான் சொல்வார். ரயில்வேக்காரர் எல்லோரும் அப்படித்தான்.

செம்பருத்தி:
ஊர்ப் பெயரை விடுங்கள் ஐயா. வரையறை கேட்டீர்களே, நான் பார்த்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக்கு ஆறு வயதில் வந்தாள். பேச்சு இல்லை. நிமிர்ந்து நாலு அடி நடந்தால் உட்கார்ந்துகொள்வாள், தட்டில் வாய் வைத்துத்தான் சாப்பிடுவாள். முதல் நாளே எங்கள் ஆயா "ஓநாய்ப் பிள்ளை மாதிரி இருக்கே" என்றார். அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளையில் வேலை. பிள்ளை மண் தோண்டிய குழிப்பக்கம் போய்விடக் கூடாதென்று அம்மா புடவையால் கட்டில் காலோடு கட்டிவிட்டுப் போவார். விடியற்காலையில் கட்டினால் பொழுது சாய்ந்துதான் அவிழ்ப்பார். இரண்டு வயதிலிருந்து இப்படி. அந்த அம்மா கெட்டவர் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சூளைப் பக்கத்தில் பால்வாடி ஒன்று இருந்திருந்தால் அந்தப் புடவைக்கு வேலையே இல்லை.

அமெரிக்காவில் ஜீனி என்ற பெயரில் எழுதுகிறார்களே, 1970 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் கண்டுபிடிக்கப்பட்ட பெண், அவள் காட்டில் இல்லை. வீட்டு அறையில், மலம் கழிக்கும் நாற்காலியில் பகலெல்லாம் கட்டிவைத்தார் அப்பா. சத்தம் போட்டால் அடி. வெளியே வந்தபோது வயது பதின்மூன்று. நிறைய சொற்கள் கற்றாள், கோர்வையான வாக்கியம் வரவில்லை. ஆராய்ச்சிப் பணம் 1974-இல் நின்றதும் வீடு வீடாக மாற்றினார்கள், அங்கும் அடி. மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

ருமேனியாவில் 1989-க்குப் பிறகு உலகம் பார்த்த அனாதை இல்லங்களில் தொட்டிலும் பாலும் இருந்தன, தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை. புக்காரெஸ்டில் 2000-இல் தொடங்கி 136 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறினார்கள், பிந்திப் போனவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. இரண்டு வயது! பக்கத்து வீட்டில் பகலெல்லாம் பூட்டிய கதவுக்குள் பிள்ளைச் சத்தம் கேட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு ஃபோன் போடுங்கள். காசு இல்லை.

கரக்பூர் பேரன்:
ஜீனி கதை வருத்தமானதுதான். ஆனால் பேச்சை மாற்றுகிறீர்கள். கமலாவின் கண் ஒளிர்ந்ததா இல்லையா? இதுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

மருதன்:
சொன்னேன். ஒளிரவில்லை. படலம் கிடையாது. மூன்றாவது தடவை சொல்கிறேன்.

பழைய நூலகர்:
செம்பருத்தி அம்மாவிடம் ஒரு கேள்வி. ரெட் சிண்ட்ரோம் என்ற நோயே 1966-இல்தான் விவரிக்கப்பட்டது. 1929-இல் இறந்த பெண்ணுக்கு அது இருந்தது என்று எடுக்காத ரத்தப் பரிசோதனையை வைத்தா முடிவு செய்தார்கள்? சிங் சொன்னதை நம்பக் கூடாது, அரோல்ஸ் சொன்னதை நம்ப வேண்டும் என்பது என்ன நியாயம்?

செம்பருத்தி:
எந்த நோய் என்பதில் நான் தொங்கவில்லை ஐயா. பேச்சு வராத, கை சொன்னபடி கேட்காத பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். அப்படிப் பிறந்த பெண்ணை ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருவது அந்தக் காலத்தில் நடக்காததா? இன்றும் விசேஷ நாளில் விருந்தாளி வந்தால் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். நான் தட்டித் திறந்திருக்கிறேன். ஓநாய் அப்படிப் பூட்டாது.

மருதன்:
அப்படியானால் கண் ஒளிரவில்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள்தானே? அதை எழுதிவிடுங்கள், பேரன் பார்க்கட்டும்.

செம்பருத்தி:
மருதன் தம்பி, சூளையைப் பற்றி எழுதினேன், 1098 பற்றி எழுதினேன். அதற்கு இங்கே ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

கரக்பூர் பேரன்:
தாத்தாவின் டைரி ஊரில் தகரப் பெட்டியில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது படம் எடுத்துப் போடுகிறேன். அப்போது இந்த மருதன் என்ன சொல்கிறார் என்று பார்க்கிறேன்.

மருதன்:
டைரி எந்த வருஷம் எழுதியது என்ற பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

பழைய நூலகர்:
அதில் ஊர்ப் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பதையும்.