பஞ்சகர்மா கேட்டுப் போனோம், டாக்டரம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டார்

(பென்னாகரம் பக்கம்)

அப்பாவுக்கு 63 வயது. மானாவாரியில் நிலக்கடலை, சாமை போடுகிறவர். மூன்று வருடமாக இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொண்டு, குனிந்து களை பிடுங்க முடியாது, மெடிக்கலில் வாங்குகிற வலி மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் இரண்டு நாள் தேவலாம் என்பார், அப்புறம் பழையபடி. பஞ்சகர்மா என்ற ஆயுர்வேதச் சுத்திகரிப்பால் உடம்பில் உள்ள நஞ்சை ஏழு நாளில் எடுத்துவிடலாம் என்று யாரோ செல்லில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு எனக்கும் அதைச் செய் என்று ஒரே பிடிவாதம். சரி என்று தருமபுரியில் ஒரு ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

நாடி பார்ப்பார், கஷாயம் எழுதுவார், இத்தனை நாளைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் முக்கால் மணி நேரம் கேள்வியாகவே கேட்டார். பசி எப்போது எடுக்கிறது, மலம் இறுகிப் போகிறதா, நடுராத்திரியில் விழிப்பு வருகிறதா, வலி காலையில் அதிகமா சாயங்காலமா. டீ எத்தனை குடிக்கிறீர்கள் என்றதற்கு அப்பா ஆறேழு என்றார், அதுவும் பால் ஊற்றாமல். நாக்கைப் பார்த்துவிட்டு, "பல்லைக் காட்டுங்க ஐயா" என்றார். முன்பல்லில் பழுப்புக் கோடுகள். எங்கள் தெருவில் பலருக்கும் அப்படித்தான், நாங்கள் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

"சின்ன வயசுல இருந்து எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

"போர் தண்ணிதாம்மா. நல்லா ருசியா இருக்கும்."

"காவேரித் தண்ணி வரலையா?"

"வருது. மருந்து வாசம் அடிக்குதுன்னு பாத்திரம் கழுவத்தான் வச்சுக்கறோம்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் ஜில்லாவின் பாறையிலேயே ஃபுளோரைடு என்கிற உப்பு இருக்கிறது, அது போர் தண்ணீரில் கரைந்து வருகிறது, குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் முதலில் குழந்தைகளின் பல்லில் காட்டும், வருடக்கணக்கில் அதிகமாகவே குடித்தால் எலும்பில் ஏறி மூட்டும் முதுகும் இறுகும், காய்ச்சினாலும் போகாது என்று அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் கொண்டுவந்ததே இதற்காகத்தானே! 2013இல் இருந்து வருகிற தண்ணீரில் நாங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். எக்ஸ்ரேவுக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். முதுகெலும்பில் அடையாளம் இருந்தது, சிறுநீரிலும் ஃபுளோரைடு கூடுதல்.

அப்பா விடவில்லை, அப்ப பேதிக்குக் கொடுத்து அதை வெளியே எடுத்துடுங்கம்மா என்றார். டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்களுது வாத உடம்பு, ஏற்கெனவே வத்திக் கிடக்கு. உள்ள போறதை நிறுத்தாம வெளிய எடுக்கறேன்னு நான் சொன்னா அது பொய்."

கொடுத்தது இவ்வளவுதான். வெதுவெதுப்பாக எண்ணெய் தேய்த்து நொச்சி இலை போட்டு வேது, ராஸ்னாசப்தகம் கஷாயம், டீத்தூளிலும் ஃபுளோரைடு உண்டு என்பதால் டீ இரண்டு வேளை மட்டும், அதுவும் பால் ஊற்றி. முருங்கைக்கீரை, நெல்லிக்காய், மோர். ராகிக் களியை விடவே வேண்டாம், அதில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது என்றார். வலி மாத்திரையை மட்டும் குறைக்கச் சொன்னார், ஃபுளோரைடை வெளியேற்றுவதே சிறுநீரகம்தான், அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. எலும்பில் ஏறியது முழுசாக இறங்காது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டார். எட்டு மாதம் ஆகிறது. குனிவது இன்னும் கஷ்டம்தான். காலையில் எழுந்து நடமாட அரை மணி நேரம் பிடித்தது, இப்போது அவ்வளவு ஆவதில்லை.

(காவேரிப்பட்டணம்)

அண்ணா, எனக்கு நேர்மாறாக நடந்தது, எனக்குப் பேதி கொடுத்தார்கள். மாங்காய் மண்டியில் வேலை, சீசனில் ராத்திரி 12 மணிக்குச் சாப்பாடு, உடம்பெல்லாம் எரிச்சலோடு தடிப்பு. மே மாதம் போனபோது இந்த வெயிலில் செய்ய மாட்டேன் என்று அனுப்பிவிட்டார் டாக்டர், ஐப்பசியில்தான் வரச் சொன்னார். ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார். காலையில் வெறும் வயிற்றில் மருந்து சேர்த்த நெய், முதல் நாள் 30 மில்லி, தினமும் கூட்டிக்கொண்டே போய் ஐந்து நாள். நாலாம் நாள் நெய் வாசம் வந்தாலே குமட்டியது. அப்புறம் எண்ணெய்த் தேய்ப்பும் நீராவியும் மூன்று நாள், அதன் பிறகு ஒரு காலையில் பேதிக்கு லேகியம். 14 தடவை போனேன். அதைவிட முக்கியம் அடுத்த ஐந்து நாள்தான், முதலில் கஞ்சித் தெளிவு, பிறகு குழைந்த சோறு, பிறகு பாசிப்பருப்பு ரசம், கடைசியில்தான் வீட்டுச் சாப்பாடு. மண்டியில் இருந்து ஒருத்தர் பிரியாணி வாங்கி வந்தார், தொடவில்லை. தடிப்பு நன்றாகக் குறைந்தது. இந்த சீசனில் ராத்திரி எட்டு மணிக்கே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுகிறேன்.

(ஊத்தங்கரை)

எங்கள் பெரியம்மாவுக்கு சர்க்கரை. யாரையும் பார்க்காமல் நஞ்சு நீக்கும் பொடி என்று ஒன்றை வாங்கிச் சாப்பிட்டு, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இரண்டு வாரத்தில் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. இப்போது அவரும் ஒரு ஆயுர்வேத டாக்டரிடம்தான் போகிறார், அவர் முதலில் கேட்டதே இங்கிலீஷ் மருந்துச் சீட்டைத்தான். அதை நிறுத்தாமல்தான் மற்றதெல்லாம் என்று சொல்லிவிட்டார். அண்ணா, காவேரித் தண்ணீரில் வரும் அந்த மருந்து (குளோரின்) வாசத்துக்கு என்ன செய்கிறீர்கள்? எங்கள் வீட்டிலும் அதனால்தான் யாரும் குடிப்பதில்லை.

(பென்னாகரம் பக்கம்)

ராத்திரியே பிடித்து அகலமான பாத்திரத்தில் மெல்லிய துணி கட்டி வையுங்கள் அக்கா, காலையில் வாசம் பெரும்பாலும் போய்விடும். எங்கள் வீட்டில் அந்த வேலை அப்பாவுடையது. காலையில் அதிலிருந்துதான் பேரனின் ஸ்கூல் பாட்டிலை நிரப்புகிறார், வேறு யாரையும் விடுவதில்லை.