சோங்கிங்கில் காலை டிபனுக்கு நூடுல்ஸ் சாப்பிட்ட கதை, உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்

ஓசூரில் டூவீலர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. சீனாவில் பைக் என்றால் சோங்கிங்தான், அதனால் உதிரிபாகம் செய்யும் அச்சுகளைச் சரிபார்க்க இரண்டு வாரம் அனுப்பியிருக்கிறார்கள். ஹோட்டல் பிரெட்டும் முட்டையும் மூன்றாம் நாளே அலுத்துவிட்டது. ஊரே காலையில் தெருவோரம் உட்கார்ந்து சிவப்பாக என்னமோ உறிஞ்சுகிறதே, அதையே பார்த்துவிடுவோம் என்று ஒரு சந்துக்குள் இறங்கினேன். நிஜமாகவே இறங்கினேன், இங்கே ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு எழுபது எண்பது படி.

கடைக்குள்ளே மூன்று மேஜை, மீதியெல்லாம் நடைபாதை. உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல்தான் மேஜை, குட்டி ஸ்டூல்தான் நாற்காலி, காலை மடக்கி உட்கார்ந்தால் கிண்ணம் மோவாய்க்கு நேராக வருகிறது. வாசலில் ஒரு அம்மா இருபது கிண்ணத்தை வரிசையாகப் பரப்பி வைத்து சோயா சாஸ், பூண்டுத் தண்ணீர், மிளகாய் எண்ணெய், இடித்த வேர்க்கடலை, ஊறவைத்துப் பொடியாக நறுக்கிய கடுகுத்தண்டு, வெங்காயத்தாள் என்று ஒரே கரண்டியின் நுனியால் தட்டிக்கொண்டே போகிறார். கையைப் பார்ப்பதே இல்லை, பேச்சு முழுக்க பக்கத்துக் கடைக்காரரோடு.

என்னிடம் ஏதோ கேட்டார். காரம் எவ்வளவு என்றுதானே கேட்பார் என்று நானே முடிவு செய்து, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்து ‘கொஞ்சூண்டு’ என்று காட்டினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சீனாவில் அந்தச் சைகை எட்டு! அவர் கேட்டது எத்தனை லியாங் என்று. ஒரு லியாங் என்றால் 50 கிராம் நூடுல்ஸ், ஆக நான் கேட்டது 400 கிராம். பின்னால் நின்ற பெரியவர் என் வயிற்றைப் பார்த்து ஏதோ சொல்ல வரிசையே சிரித்தது, அப்புறம் அவரே எனக்காக இரண்டு விரலைக் காட்டினார். காரத்தைப் பற்றிக் கடைசிவரை யாரும் கேட்கவே இல்லை.

மிளகாய்க் காரம் பெரிய விஷயமில்லை, எங்கள் ஊர் ஆந்திரா மெஸ்ஸில் இதைவிடப் பார்த்திருக்கிறேன். நாலாவது வாயில்தான் உதடு தனியாக அதிர ஆரம்பித்தது. சின்ன வயதில் 9 வோல்ட் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்ப்போமே, அது மாதிரி, ஆனால் வாய் முழுக்க. தண்ணீர் குடித்தால் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அலர்ஜியோ என்று பயந்து பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

*

எல்லோருக்கும் ஆகும் சார், பயப்படாதீர்கள். அங்கே ஐந்து வருஷம் எம்பிபிஎஸ் படித்தவன், முதல் வாரம் நானும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தவன்தான்.

அது மிளகாய் வேலை இல்லை, ஹுவா ஜியாவ். பேர்தான் சிச்சுவான் மிளகு, நம் மிளகுக்கும் அதற்கும் உறவே இல்லை, எலுமிச்சை, கறிவேப்பிலை குடும்பம். விதையை எறிந்துவிட்டுத் தோலைத்தான் பொடிக்கிறார்கள். அதிலுள்ள சான்ஷூல் என்ற வேதிப்பொருள் தொடு உணர்ச்சி நரம்பைத் தட்டிவிடுகிறது. 2013இல் லண்டனில் ஆராய்ச்சி செய்து, உதட்டில் உணரும் அதிர்வு கிட்டத்தட்ட 50 ஹெர்ட்ஸ் என்று அளந்தார்கள், அதாவது நொடிக்கு ஐம்பது தடவை, நம் வீட்டுக் கரண்டின் அதே ஹெர்ட்ஸ், உங்கள் பேட்டரி கணக்கு ரொம்பத் தப்பில்லை. மரத்துப்போவது ‘மா’, எரிவது ‘லா’. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லலாம். ‘வெய் லா’ என்றால் காரம் கம்மி, ‘புயாவ் ஹுவா ஜியாவ்’ என்றால் அந்த மிளகு வேண்டாம். குழம்பில்லாமல் பிரட்டித் தர ‘கான் லியூ’ என்று சொல்லிப் பாருங்கள், என் ஓட்டு அதற்குத்தான். கிண்ணம் வந்ததும் அடியோடு புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வாய் மொத்த மசாலாவாக வரும். கூடவே ஒரு பாட்டில் சோயா பால். தண்ணீர் எதற்கும் உதவாது.

*

நாங்கள் சைவம், அதனால் என் கதை வேறு. கணவருக்கு அங்கே வேலை மாற்றலானபோது கறி வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய சீட்டை நீட்டித்தான் சாப்பிடுவேன். ஒரு நூடுல்ஸ் கடையில் கறியே இல்லாமல் கீரை போட்டுத் தருவார்கள், ஒரு மாதம் ரசித்துச் சாப்பிட்டேன். அப்புறம் ஒருநாள் அந்தக் கடையில் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஒரு கரண்டி வைப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டால், பன்றிக்கொழுப்பு! அவர்களைத் திட்டவும் முடியவில்லை, கறிதானே வேண்டாம் என்றேன். ‘புயாவ் ஜூ யோ’ என்று தனியாகச் சொல்ல வேண்டுமாம். சாதா நூடுல்ஸிலேயே அது சகஜம், சைவக்காரர்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பன்றி மட்டும் ஆகாது என்பவர்களுக்கு லான்சோ நூடுல்ஸ் கடைகள் இருக்கின்றன, பெரும்பாலும் முஸ்லிம்கள் நடத்துவது, மாட்டிறைச்சிக் குழம்பு.

அந்த மிளகு வாசனை எனக்குப் பழக்கமானதுதான். மங்களூர்ப் பக்கத்து வீட்டம்மா மீன் குழம்பில் திர்ஃபல் என்று ஒன்று போடுவார், வாசலிலேயே அடிக்கும். அதே இனம்தான்.

*

டாக்டர் தம்பிக்கு நன்றி. இன்று காலை சீட்டு எழுதிக்கொண்டு போய் மிளகு வேண்டாம் என்றேன். அந்த அம்மா படித்துவிட்டு, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் விரித்து என்னிடமே காட்டினார். அதே பெரியவர் வேறு உட்கார்ந்திருந்தார்.

மிளகில்லாமல் சாப்பிட்டால் ஏதோ குறைகிறது, வெறும் காரமும் எண்ணெயும்தான் தெரிகிறது. நாளைக்குப் பழையபடியே.