மின் அட்டை அய்யா பெயரில், ஆதார் அப்பத்தா பெயரில்: சோலார் மானியத்துக்கு எப்படி மனுப் போடுவது?

வளவு வீட்டுப் பேரன் | 2025 ஜூன் 4

எல்லாருக்கும் வணக்கம். கரண்ட் பில் விஷயமாக உதவி வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பங்காளிகள் நான்கு புள்ளிக்கும், அதாவது நான்கு குடும்பத்துக்கும், பொதுவான வீடு. இரண்டு புள்ளியினர் வெளியூரில் இருப்பதால் அவர்கள் அறைகள் பூட்டியே கிடக்கின்றன. வீட்டின் மூன்றாம் பகுதியான மூன்றாம் கட்டில் எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவரின் குடும்பம் இருக்கிறது. வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய எங்கள் அறையில் அப்பத்தா. வயது 81. துணைக்கு ஓர் அக்கா கூடவே இருக்கிறார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன்.

வீடு முழுவதற்கும் ஒரே மின் இணைப்பு. வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 280 யூனிட், 611 ரூபாய். ஏப்ரலில் அப்பத்தாவுக்கு ஒரு டன் ஏசி வாங்கி மாட்டினேன். இந்த முறை ரீடிங் 860 யூனிட், பில் 5,400 ரூபாய். ஏப்ரலில் இரண்டு நாள் படைப்பு (முன்னோர் வழிபாடு) நடந்தது, அதனால் இருக்கலாம் என்று முதலில் நினைத்தோம். இப்போது மூன்றாம் கட்டில் என்னென்ன ஓடுகிறது என்று ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பணம் கட்டிவிடலாம். ஆனால் அப்பத்தா பில்லைப் பார்த்த அன்றே ஏசியை நிறுத்திவிட்டார். ஜன்னல் இல்லாத அறை. ராத்திரியில் வளவுப் பத்தியில் பாயைப் போட்டுப் படுக்கிறாராம். போனில் கேட்டால், "எனக்கு வேர்க்கலப்பா" என்கிறார். அது பொய் என்று தெரிகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை.

அரசு உதவி என்று தேடியபோது மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் சோலார் மானியம் கண்ணில் பட்டது. மனுப் போட உட்கார்ந்தேன். மின் இணைப்பு எண்ணைக் கொடுத்ததும் 2009-இல் காலமான அய்யாவின், அதாவது என் தாத்தாவின், பெயர் வருகிறது, அதுவும் முழு விலாசத்தோடு (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளோடு). 2022-இல் ஆதார் இணைக்கச் சொன்னபோது அப்பத்தாவின் ஆதாரைத்தான் இணைத்தேன். அப்போதே பெயர் மாறியிருக்க வேண்டாமா? பெயரை மாற்றினால் 100 யூனிட் இலவசம் போய்விடுமா? யாராவது வழி சொல்லுங்கள்.


தேவகோட்டை ஆச்சி | ஜூன் 4

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 100 யூனிட் போகாது. 2016-இல் வந்த அந்தச் சலுகைக்கு மனுவே கிடையாது, வீட்டு இணைப்பு என்றால் தானாகக் கழியும். உங்கள் 5,400-லும் கழித்துத்தான் வந்திருக்கிறது.

அடுத்தது ஆதார். 2022 நவம்பரில் இணைக்கும்போது மூன்று விதமாகக் கேட்டார்கள்: உரிமையாளரா, வாடகைதாரரா, உரிமையாளர்தான் ஆனால் இணைப்புப் பெயர் மாற்றவில்லையா என்று. நீங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். ஆதார் இணைப்பதால் பெயர் மாறாது. பெயர் மாற்றத்துக்குத் தனியாகத்தான் மனுக் கொடுக்க வேண்டும்.

சோலார் மானியம் யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவர் பெயரில்தான் போகும். காலமானவர் பெயரில் மனுப் போட்டால் வங்கிக் கணக்கு கேட்கும் இடத்தில் நின்றுவிடும். ஆகவே பெயர் மாற்றம் முதலில், சோலார் அப்புறம்.


வயர்மேன் அண்ணன் | ஜூன் 4

சோலார், பெயர் மாற்றம் எல்லாம் இருக்கட்டும் தம்பி. 280 எங்கே, 860 எங்கே? ஒரு டன் ஏசி ராத்திரி ஏழெட்டு மணி நேரம் ஓடினாலும் மூன்று நான்கு யூனிட்டுக்கு மேல் போகாது. 60 நாளைக்கு 200, மிஞ்சினால் 240. படைப்புக்கு இரண்டு நாள் போட்ட லைட்டும் கிரைண்டரும் ஐம்பதைத் தாண்டாது. மிச்சம் 300 யூனிட் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் கூரையில் பேனல் வைத்தால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

ஊருக்குப் போகும்போது இதைச் செய்யுங்கள். ஏசி, ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மூன்றாம் கட்டுக்காரர்களையும் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். மீட்டர் முகத்தில் 3200 இம்ப் என்பது போல ஓர் எண் இருக்கும். அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட். எல்லாம் நிறுத்திய பிறகும் மினுக்கினால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி இங்கே எழுதுங்கள்.

பில் ஏன் இப்படி எகிறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை முதல் உள்ள கணக்குப்படி, மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, அதற்குமேல் 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிய உடனே அந்த 2.35 போய்விடும், 101-இலிருந்தே 4.70 ஆகிவிடும். 500-க்கு மேல் 8.40, 600-க்கு மேல் 9.45, 800-க்கு மேல் 10.50. சரியாக 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 510 என்றால் 2,124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய். உங்களை அடித்தது இந்தப் படிதான்.


கோட்டையூரான் | ஜூன் 5

இதற்கு எளிய வழி, புள்ளிக்கு ஓர் இணைப்பு வாங்கிவிடுவது. நான்கு இணைப்பு, நான்கு முறை 100 யூனிட். எங்கள் பெரியப்பா வீட்டில் அப்படித்தான் இருக்கிறது.


தேவகோட்டை ஆச்சி | ஜூன் 5

கோட்டையூர் தம்பி, குடியிருப்பவர்களுக்கு அது சரி. மூன்றாம் கட்டில் தனி அடுப்பு, தனி வாசல், தனிக் குடும்பம் என்று இருப்பதால் அவர்கள் தனி இணைப்பு கேட்பது நியாயம். பூட்டிக் கிடக்கும் அறைகளுக்கு இணைப்பு வாங்கி, ஒரே குடும்பம் நான்கு சலுகையையும் எடுத்துக்கொள்வது தப்பு. பார்வைக்கு வந்தால் ஒன்றாகச் சேர்க்கச் சொல்வார்கள்.


வளவு வீட்டுப் பேரன் | ஜூன் 8

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தோம். சித்தப்பாவே வந்து அவர்கள் பக்கத்து ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் நான்கு நிமிடம் ஒன்றுமில்லை. திடீரென்று மினுக்க ஆரம்பித்தது. கடிகாரத்தை வைத்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 50. மீட்டரில் 3200 என்றுதான் போட்டிருக்கிறது.


வயர்மேன் அண்ணன் | ஜூன் 8

50 என்றால் மணிக்கு 3000 மினுக்கல். கிட்டத்தட்ட ஒரு யூனிட். ஒரு ஹெச்பி மோட்டார் இழுப்பது அதுதான். போர் மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் கண்ட்ரோலர் வைத்திருக்கிறீர்களா? எப்போது வைத்தது? மேல்தொட்டிக்கு ஏறும் பைப்பில் காதை வைத்துக் கேளுங்கள். மோட்டார் நின்றதும் உள்ளே களகளவென்று சத்தம் கேட்கிறதா?


வளவு வீட்டுப் பேரன் | ஜூன் 8

கேட்கிறது! பிப்ரவரியில்தான் கண்ட்ரோலர் வைத்தோம், அப்பத்தா சுவிட்சுக்கு நடக்க வேண்டாம் என்று.


வயர்மேன் அண்ணன் | ஜூன் 8

அப்படியானால் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போய்விட்டது. ஏறும் பைப்பின் வாய் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். மோட்டார் நின்றதும் ஏற்றிய தண்ணீர் அதே வழியாகப் போருக்குள் திரும்பி இறங்குகிறது. தொட்டி குறைந்ததும் கண்ட்ரோலர் மறுபடி மோட்டாரைப் போடுகிறது. ராப்பகலாக இதே வேலை. ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் இப்படி ஓடினால் உங்கள் 300 யூனிட் கணக்கு சரியாக வந்துவிடும். வால்வு ஒன்றும் பெரிய செலவில்லை. அதை மாற்றிவிட்டு, பைப்பின் வாயையும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஏசி விஷயமும் ஒன்று. நம் வீட்டு அறைகள் எல்லாம் உயரக் கூரை. மேலே உள்ள காற்றையெல்லாம் குளிர்வித்து என்ன பயன்? கட்டிலுக்கு மேலே ஏழெட்டு அடி உயரத்தில் கெட்டித் துணியால் விதானம் கட்டி, ஏசிக் காற்று அதற்குக் கீழே வீசும்படி செய்யுங்கள். 26-இல் வைத்து ஃபேனையும் போடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் மிச்சம் என்பது அரசின் எரிசக்தி சேமிப்பு அமைப்பு சொல்லும் கணக்கு.


வளவு வீட்டுப் பேரன் | ஜூன் 9

அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! சித்தப்பா வீட்டார் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள், ஆனால் அவர்கள்மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். மோட்டார் சத்தத்தைக் கேட்டதும் சித்தி என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய் எல்லாருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

சோலார் வேண்டாம் என்று விடவில்லை. பெயர் மாற்றம் எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஆச்சி, என்னென்ன வேண்டும்?


தேவகோட்டை ஆச்சி | ஜூன் 9

என் மாமியார் பெயருக்கு மாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன். இறப்புச் சான்று, இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது, மாற்ற வேண்டியவரின் ஆதார். மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்தும் கேட்டார்கள். உங்கள் அப்பச்சியும் (அப்பாவும்) அத்தைமாரும் போடுவார்கள் இல்லையா? வீடு பொதுவானது என்பதால் மற்றப் புள்ளிக்காரர்களிடமும் ஒரு சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கூரையும் அவர்களுக்குப் பொதுதானே.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் இந்த விலாசம். அட்டையில் மூன்று தலைமுறை எழுத்து இருக்கும், இறப்புச் சான்றில் வெறும் பெயர் இருக்கும், வாரிசுச் சான்றில் ஓர் இனிஷியல் இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று நம்பவைப்பதற்குள் எங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. வாரிசுச் சான்றுக்கு மனுக் கொடுக்கும்போதே, "இன்ன விலாசத்தில் வழங்கப்படும் இன்னார்" என்று இரண்டு வடிவத்தையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். அப்பத்தாவின் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். புதுப் பெயரையும் அதே மாதிரி எழுதச் சொல்லுங்கள். இதில் ஒரு புள்ளி பிசகினால் மானியம் வரும்போது மறுபடி அலைய வேண்டும்.


சோலார் வைத்தவன், பள்ளத்தூர் | ஜூன் 10

போன வருடம் வைத்தேன், ஆகவே சொல்கிறேன். மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000. அதோடு நிற்கும். பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. பதிவுக்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். திட்டத்தில் பதிவான நிறுவனத்தை வைத்துத்தான் மாட்ட வேண்டும், உள்நாட்டில் செய்த பேனலாக இருக்க வேண்டும். முதலில் முழுப் பணமும் நம் கையிலிருந்தோ வங்கிக் கடனாகவோ போகும். நெட் மீட்டர் (நாம் எடுக்கும் மின்சாரத்தையும் சோலாரிலிருந்து வெளியே கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) வைத்துச் சோதித்த பிறகுதான் மானியம் நம் கணக்குக்கு வரும். ஐந்து வருடப் பராமரிப்பு மாட்டியவர்கள் பொறுப்பு. அதை எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் எங்கே வைக்கப் போகிறீர்கள்? வளவைச் சுற்றிய நாட்டு ஓட்டுக் கூரையில் கனவிலும் வேண்டாம். முகப்பு மாடியில் வைக்கலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம் அது. துளை போட்டால் அடுத்த ஐப்பசி மழையில் உத்தரத்துத் தேக்கு நனையும். நான் பின்கட்டில் சமையலறைக்கு மேலே பிற்பாடு போட்ட கான்கிரீட் தளத்தில்தான் வைத்தேன். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு யூனிட் அளவுக்கு வரும்.


வளவு வீட்டுப் பேரன் | ஜூன் 10

எங்கள் பின்கட்டிலும் அப்படி ஒரு தளம் இருக்கிறது. 12-க்கு 18 அடி. இரண்டு கிலோவாட்டுக்குப் போதும் போல. அப்பத்தாவோடு இருக்கும் அக்கா தன் வீட்டுக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார். அவர் வீட்டில் இன்னும் விறகடுப்புதான்.


தேவகோட்டை ஆச்சி | ஜூன் 10

வீட்டில் யார் பெயரிலும் கேஸ் இணைப்பு இல்லை என்றால் ஏழைக் குடும்பங்களுக்குக் கேஸ் இணைப்புக் கொடுக்கும் உஜ்வலா திட்டத்துக்கு அவர் பெயரிலேயே மனுப் போடச் சொல்லுங்கள். பெண்கள் பெயரில் மட்டும்தான் கொடுப்பார்கள். 2023 அக்டோபர் முதல் 14.2 கிலோ சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் கணக்கில் ஏறுகிறது. ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு பக்கத்துக் கேஸ் ஏஜென்சிக்குப் போகட்டும். நீங்களே கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.


வளவு வீட்டுப் பேரன் | ஆகஸ்ட் 6

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். வால்வு மாற்றியாயிற்று. இந்த முறை ரீடிங் 440 யூனிட், பில் 1,427 ரூபாய், ஏசியும் சேர்த்து. வாரிசுச் சான்று வந்துவிட்டது, ஆச்சி சொன்னபடி இரண்டு வடிவத்திலும் பெயர் எழுதிக் கொடுத்ததால் கேள்வி எழவில்லை. வெளியூர்ப் புள்ளி இரண்டும் கூரியரில் கையெழுத்து அனுப்பினார்கள். சித்தப்பா முதல் ஆளாகப் போட்டார். பெயர் மாற்ற மனு போன வாரம் கொடுத்தாயிற்று. புதுப் பெயர் ஏறியதும் சோலாருக்குப் பதிவு செய்வேன்.

பில்லை நான்தான் அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். தொகையை இரண்டு முறை சொல்லச் சொன்னார். நேற்று ராத்திரி அக்காவுக்குப் போன் செய்தேன். அப்பத்தா விதானத்துக்குக் கீழே ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார், போர்வை கேட்டார் என்று சொன்னார்.