கண்மாய்கள் பற்றிய நூலுக்கு இணையதளம்: எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் பாசன ஏரிகளான கண்மாய்களைப் பற்றி 184 பக்கத்தில் ஒரு நூல் எழுதினேன். சென்ற ஆண்டு ஒரு சிறிய பதிப்பகம் 500 பிரதிகள் அச்சிட்டது. இதுவரை 170 விற்றிருக்கின்றன. அதில் பாதி, தெரிந்தவர்களும் உறவினர்களும் வாங்கியவை.

இணையதளம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று பதிப்பாளர் சொல்கிறார். ஒரு நிறுவனத்தில் விசாரித்தேன். முகப்பு, என்னைப் பற்றி, நூல், புகைப்படங்கள், தொடர்புக்கு என்று ஐந்து பக்கம் அமைத்துத் தர 45,000 ரூபாய் கேட்கிறார்கள். மகளோ, ஃபேஸ்புக் போதும், பணத்தை வீணாக்காதீர்கள் என்கிறாள்.

என்னிடம் பணிக்கால நாட்குறிப்புகள், அறுநூறுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகள் எல்லாம் இருக்கின்றன. நூல் விற்பது எனக்கு இரண்டாம்பட்சம். கண்மாய்க்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கே, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்கும் மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்குக்கும் வேறுபாடு தெரியவில்லை. அவர்களிடம் இது போய்ச்சேர வேண்டும். இப்படி ஒரு தளம் அமைத்தால் வாசகர்கள் வருவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெசவுப்பாதை

ஐயா, வணக்கம். அந்த 45,000 ரூபாயை இப்போது கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அதே ஐந்து பக்கங்களை நானும் வைத்திருந்தேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

நான் காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். பட்டு நெசவு பற்றி என் நூல் வந்தது 2017-இல். தளமும் அப்போதே திறந்தாயிற்று. அழகாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் நாளுக்கு ஆறேழு பேர் வந்திருந்தார்கள். அவர்களும் என்னை ஏற்கெனவே அறிந்தவர்கள். என் பெயரையே கேள்விப்படாத ஒருவர் அதைக் கூகுளில் தட்ட என்ன காரணம் இருக்கிறது? நான் யார், என்ன நூல் எழுதினேன், என்ன பரிசு பெற்றேன் என்று ஐந்து பக்கமும் என்னைப் பற்றியே பேசின.

மாற்றம் வந்தது ஒரு புத்தகக் கண்காட்சியில். அரங்குக்கு வந்த ஒரு பெண் என் நூலைப் புரட்டிவிட்டு, "என் கல்யாணப் புடவை ஜரிகை அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டார். அதற்கு ஏழாம் அத்தியாயத்தில் விடை இருக்கிறது. ஆனால் "ஜரிகையின் வரலாறு" என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது பக்கத்தில் கிடக்கிறது. அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அன்றிரவே அவர் கேட்ட சொற்களையே தலைப்பாக்கித் தனிப் பக்கம் எழுதினேன். அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும், அதன்மேல் வெள்ளி, அதன்மேல் தங்க முலாம். மேற்பரப்பைச் சுரண்டினால் சிவப்பு தெரியும். அசல் நூலையும் போலி நூலையும் அருகருகே வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலும் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். மூன்று மாதத்தில் தளத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு பக்கத்துக்கு வந்தவர்கள். அடுத்து, கோர்வை என்றால் என்ன என்று எழுதினேன். புடவையின் கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் (குறுக்கு இழையால்) நெய்து கோர்ப்பதையும், அதற்கு அந்த இழையைக் கொண்டு ஓடும் நாடா மூன்றும் தறியில் துணைக்கு இன்னோர் ஆளும் எதற்காக வேண்டும் என்பதையும் என் தந்தையின் கைகளைப் படம் எடுத்து விளக்கினேன். அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள்தாம் நூலைத் தேடி வாங்கினார்கள்.

உங்கள் கைவசம் இருப்பது இதைவிடப் பெரிய செல்வம். உங்கள் நூலில் எத்தனை கண்மாய்கள் பெயரோடு வருகின்றன? ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், எவ்வளவு, எத்தனை மடைகள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மிஞ்சினால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, நீங்கள் அங்கே பார்த்தது என்ன. துபாயிலோ திருப்பூரிலோ இருக்கும் ஒருவர் ஏதோ ஓர் இரவில் தன் ஊர்ப் பெயரையும் கண்மாய் என்ற சொல்லையும் சேர்த்துத் தட்டுவார். இன்று அவருக்குக் கிடைப்பது பழைய டெண்டர் அறிவிப்பு. நாளை உங்கள் பக்கம் கிடைக்கட்டும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்வார்களே, பாட்டி சொல்லக் கேட்ட அந்தத் தொடரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொடர் உங்கள் தலைப்பில் இருக்க வேண்டும்.

சொற்களில் கவனம் வையுங்கள். உங்கள் பக்கத்தில் கண்மாய், எங்கள் பக்கத்தில் ஏரி, திருநெல்வேலியில் குளம். நீங்கள் கலுங்கு என்பதை அங்கே மறுகால் என்பார்கள். நீங்கள் மடை என்பதை நாங்கள் மதகு என்போம். ஒரு பக்கத்தில் ஒரு முறையாவது மற்ற வட்டாரப் பெயரும் வரும்படி எழுதுங்கள். தேடுபொறிக்காக மட்டும் சொல்லவில்லை. செங்கல்பட்டுக்காரர் உங்கள் எழுத்தைப் படித்து, இது நம் ஊர்ச் செய்திதான் என்று உணர அது வேண்டும்.

பாமினிக் கோப்புகளை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலும் தேடுபொறியிலும் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு வரிவரியாக மெய்ப்புப் பார்க்க வேண்டும். குறிப்பாக நிறுத்தற்குறிகள் சிதையும். நூல் பக்கங்களை ஸ்கேன் செய்து படமாகப் போடுவதும் உதவாது. கைபேசியில் படிக்க முடியாது.

பக்கத்தின் இணைய முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், ஊர்ப் பெயரோடு சுருக்கமாக வையுங்கள். தமிழில் வைத்தால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது, புள்ளியும் துணைக்காலும் உட்பட ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். கண்மாய் என்ற ஒரு சொல்லே 63 எழுத்து நீளத்துக்குப் போய்விடும். பார்ப்பவர்கள் ஏதோ மோசடிச் செய்தி என்று அஞ்சித் தொடமாட்டார்கள். இன்னொன்று: அச்சு நூல்போல வரிகளை இரு ஓரமும் சமப்படுத்தாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைபேசித் திரையில் ஒரு வரியில் இரண்டே சொற்கள் நின்று நடுவே பெரிய இடைவெளி விழும். இடது ஓரம் மட்டும் சீராக இருந்தால் போதும்.

கடைசியாக, மனம் பொறுக்காமல் ஒன்று. இணைய முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையால் பதிவுசெய்யுங்கள். என் முதல் தளத்தை அமைத்த நிறுவனம் அதைத் தன் பெயரில் பதிந்திருந்தது. 2019-இல் அவர்கள் கடையை மூடினார்கள். புதுப்பிக்க யாருமில்லை. ஒரு காலையில் தளமே இல்லை. 62 கட்டுரைகள். இன்டர்நெட் ஆர்க்கைவ் சேமித்து வைத்திருந்த பழைய பக்கங்களிலிருந்து நாற்பத்தொன்றை மீட்டேன். மற்றவற்றில் என் தந்தையின் நேர்காணலும் ஒன்று. அவர் அதற்குள் இறந்துவிட்டார். இப்போது எதை ஏற்றினாலும் அதன் படி ஒன்று வீட்டுக் கணினியிலும் தனிப் பென்டிரைவிலும் இருக்கிறது.

அச்சுக்கூடம்

மேலே அம்மா சொன்ன எல்லாவற்றுக்கும் உடன்படுகிறேன். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. சிறு பதிப்பகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்பவன் என்பதால் அந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எழுதத் தொடங்கும் முன் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மின்னூல் உரிமையையும் பதிப்பாளரிடம் கொடுத்திருந்தால் நூலின் பகுதிகளை அப்படியே தளத்தில் போட முடியாது. பெரும்பாலும் அவர் மறுக்கமாட்டார். இருந்தாலும் எழுத்தில் ஒரு வரி வாங்கிவிடுங்கள். ஒப்பந்தமே இல்லை, வாய்ப்பேச்சுதான் என்றால் இப்போதாவது ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்துவிட்டால் நூலை யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர் அஞ்சலாம். தகவலைத் தயங்காமல் கொடுங்கள். ஆயக்கட்டும் மடைகளின் எண்ணிக்கையும் தேடுகிறவர் எப்படியும் அதற்காக 184 பக்கம் வாங்கப்போவதில்லை. ஒரு கண்மாய் நிறைந்து அடுத்ததற்குப் போகும் சங்கிலியைத் தொடர்ச்சியாக விவரிக்கும் அத்தியாயங்களை நூலுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். நூலின் சொல்லடைவை, அதாவது கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலை, முழுதாகத் தளத்தில் போடலாம். தன் ஊர்ப் பெயரை அதில் பார்க்கும் ஒருவர் வாங்குவார் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் விலை, அஞ்சல் செலவு, வாங்கும் வழி மூன்றும் இருக்கட்டும். நூலைப் பற்றி நான்கு பத்தி புகழ்ந்துவிட்டு எங்கே கிடைக்கும் என்று சொல்லாத தளங்களே அதிகம்.

அந்த அறுநூறு படங்களில் நீங்களே எடுத்தவற்றைப் பொறுக்கி, இருபது முப்பதை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் தளமான விக்கிமீடியா காமன்ஸில் பொது உரிமத்தில் கொடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தந்த ஊர்க் கட்டுரைகளில் மற்றவர்கள் பயன்படுத்துவார்கள். படத்தின் விவரப் பக்கத்தில் உங்கள் பெயர் நிற்கும். ஆனால் உங்கள் நூலுக்கும் தளத்துக்கும் நீங்களே அங்கே இணைப்புக் கொடுக்காதீர்கள். அது அங்குள்ள நெறிக்கு ஒவ்வாதது. நீக்கிவிடுவார்கள், பெயரும் கெடும்.

மடைக்காரன் பேரன்

நான் எழுத்தாளன் இல்லை. ஆனால் ஐயா தேடுகிற வாசகன் நான்தான் என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் கட்டுமான வேலை. சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம். தாத்தா எங்கள் கண்மாயில் மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். 2017-இல், நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தில் எங்கள் கண்மாயைத் தூர்வாரினார்கள். அப்போது கடைமடைக்காரர்களுக்கும் தலைமடைக்காரர்களுக்கும் தகராறு வந்தது. எந்த மடை முதலில் திறக்கும் என்பதற்குப் பழைய முறை என்ன என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டு இரவு தேடினேன். அமைச்சர் மண்வெட்டி பிடித்த படங்கள் கிடைத்தன. முறை கிடைக்கவில்லை.

உங்கள் மகள் சொல்லும் ஃபேஸ்புக் பற்றி ஒன்று. நீர்நிலைகள் பற்றி அங்கே நல்ல நல்ல பதிவுகளைப் படித்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து ஒன்றையும் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கே நாலு வரி எழுதி, முழுக்கட்டுரைக்குத் தளத்துக்கு வரச் சொல்லுங்கள். எழுதியது உங்கள் இடத்தில் இருக்கட்டும்.

படிக்கிறவன் பக்கமிருந்து ஒரு வேண்டுகோள். ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும், தவறு இருந்தால் சொல்லுங்கள், கூடுதலாகத் தெரிந்தால் எழுதுங்கள் என்று ஒரு வரி போடுங்கள். எங்கள் ஊர் மடைகள் ஏழின் பெயரும் தாத்தாவுக்குத் தெரியும். கேட்க ஆள் இல்லாததால் அவரோடு நிற்கிறது.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. அந்த நிறுவனத்துக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதிப்பாளரிடமும் பேசினேன். தடையில்லை என்றார், எழுதித் தரவும் இசைந்தார்.

ஓர் ஐயம். என்னிடம் 230 மின்னஞ்சல் முகவரிகளும் 400 வாட்ஸ்அப் எண்களும் இருக்கின்றன. புதிய பக்கம் எழுதும்போதெல்லாம் எல்லோருக்கும் அனுப்பிவிடலாமா?

நெசவுப்பாதை

வேண்டாம் ஐயா. அவர்கள் உங்கள் கடிதத்தைக் கேட்டவர்கள் இல்லை. ஒருமுறை மட்டும் எழுதுங்கள்: மாதத்துக்கு ஒரு கண்மாய் பற்றி எழுதப்போகிறேன், விருப்பம் இருந்தால் இந்த இணைப்பில் பதிவுசெய்யுங்கள் என்று. 40 பேர் பதிந்தால் அந்த 40 பேர்தாம் உங்கள் வாசகர்கள். செய்திமடல் அனுப்பும் சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள். வேண்டாம் என்பவர் தாமே விலகிக்கொள்ள அதில் வழி இருக்கும்.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு 256 பேர் எல்லை. உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமிக்காதவருக்கு அது போகவே போகாது. பலர் இது தெரியாமல் யாரும் பதில் சொல்லவில்லையே என்று வருந்துகிறார்கள். 2023-இல் வந்த சேனல் வசதி உங்களுக்குப் பொருந்தும். அதில் நீங்கள் எழுதுவதை விரும்புகிறவர்கள் பின்தொடர்ந்து படிப்பார்கள். பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. குழு மட்டும் தொடங்காதீர்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் மடைகள் மூழ்கிவிடும்.

மாதம் ஒன்று என்று சொன்னால் மாதம் ஒன்று வர வேண்டும். எனவே தளத்தைத் திறக்கும் முன் ஆறு பக்கங்களை எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை

சரி அம்மா. ஆறு ஊர்களைக் குறித்துவிட்டேன். ராஜசிங்கமங்கலத்தை முதலில் எழுதுகிறேன்.

மடைக்காரன் பேரனுக்கு: தம்பி, உங்கள் ஊரை இரண்டாவதாக வைத்திருக்கிறேன். தாத்தாவை நேரில் பார்க்க எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டுச் சொல்லுங்கள். ஒலிப்பதிவுக் கருவியும் பழைய ஆயக்கட்டு வரைபடமும் கொண்டுவருகிறேன்.

மடைக்காரன் பேரன்

கேட்டுவிட்டேன் ஐயா. ஞாயிறு காலை வரச் சொன்னார். வெயில் ஏறுமுன் கரையில் நடந்தே ஏழு மடையையும் காட்டுகிறாராம்.