வீட்டுக்கடனை விரைவாக அடைக்க, சமையலறைச் செலவில் மாதம் 3,000 ரூபாய் குறைக்க முடியுமா?

கேள்வி: துவாக்குடி வாசகி

அனைவருக்கும் வணக்கம். திருச்சிக்குக் கிழக்கே, துவாக்குடிக்கு அருகில் சென்ற ஆண்டு சிறிய வீடு ஒன்று வாங்கினோம். அதற்காக ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் 25 லட்சம் ரூபாய் கடன் பெற்றிருக்கிறோம். 20 ஆண்டுத் தவணை, மாறும் வட்டி. இப்போதைய விகிதம் 8.5 சதவீதம். மாதத் தவணை 21,700 ரூபாய். கணவரின் சம்பளமும் என் தையல் வருமானமும் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கைக்கு வருகின்றன. நாங்கள் இருவர், ஏழாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் மாமியார் என வீட்டில் ஐந்து பேர்.

மளிகை, காய்கறி, பால், முட்டை, இறைச்சி, வெளியில் வாங்கும் உணவு எல்லாம் சேர்ந்து மாதம் 17,000 ரூபாய் ஆகிறது. இதில் 3,000 ரூபாயைக் குறைத்துக் கடனுக்குக் கூடுதலாகச் செலுத்த விரும்புகிறோம். பிள்ளைகளின் உணவிலும் மாமியாரின் உணவிலும் குறை வைக்காமல் எங்கே கை வைப்பது என்பது என் முதல் கேள்வி. அப்படி மிச்சமாகும் பணத்தைக் கடனில் கட்டுவதைவிடத் தொடர் வைப்பில் போடுவது நல்லது என்றும், வீட்டுக்கடன் இருந்தால்தான் வரிச்சலுகை கிடைக்கும் என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா என்பது இரண்டாவது கேள்வி.

பதில் 1: தென்னூர் சமையலறை

சகோதரி, உங்களைப் போலவே ஐந்து பேர் கொண்ட குடும்பம் எங்களுடையது. கடன் முடிய இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. எங்கே குறைப்பது என்று முடிவு செய்வதற்கு முன், ஒரு மாதம் மட்டும் 17,000 ரூபாயை நான்காகப் பிரித்து எழுதுங்கள்: மளிகை, காய்கறியும் பழமும், பால் முட்டை இறைச்சி, வெளியில் வாங்கிய உணவும் நொறுக்குத்தீனியும். மாலையில் வாங்கும் பப்ஸும் வார இறுதி பரோட்டாவும் தனித்தனியே சிறு தொகையாகத் தோன்றுவதால், பல வீடுகளில் நான்காவது பகுதி எவ்வளவு என்பதே தெரிவதில்லை. குறைக்க வேண்டிய முதல் இடம் அதுதான். கடைசியாகக்கூடத் தொடக்கூடாத இடம் பால், முட்டை, பருப்பு ஆகியவை.

அடுத்து நியாயவிலைக் கடை. அரிசி அட்டை வைத்திருந்தும் அந்த அரிசியை வாங்காமல் விட்டுவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விலையில்லாமல் கிடைக்கும் புழுங்கல் அரிசியைச் சோறாக வடிக்கப் பிடிக்கவில்லை என்றாலும் இட்லிக்கும் தோசைக்கும் அது நன்றாகவே பொருந்தும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம், ஊறிய ஒரு கைப்பிடி அவல் சேர்த்து அரைத்தால் இட்லி மிருதுவாக வரும். அரிசியை மூன்று நான்கு முறை நன்றாகக் கழுவி ஊறவைத்தால் ஒருவகை வாடையும் போய்விடும். ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் சேர்ந்து இரண்டரைக் கிலோவுக்குக் குறையாத மாவைத் தரும். அதில் உளுந்துக்கு மட்டுமே காசு என்பதால் 35 ரூபாய்க்கு மேல் எனக்கு ஆவதில்லை. அதே அளவு பாக்கெட் மாவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். வாரம் இருமுறை அரைத்தால் மாதம் 600 ரூபாய் இங்கேயே மிச்சமாகிறது. கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பையும், லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலையும் மறக்காமல் வாங்குங்கள். பாமாயில் வேண்டாம் என்று நினைத்தால் அதை விட்டுவிடலாம். பருப்பை மட்டும் விடாதீர்கள்.

காய்கறிக்கு நான் உழவர் சந்தையையே நம்பியிருக்கிறேன். 1999ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் விவசாயிகள் நேரடியாக விற்கிறார்கள், அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும், எடையிலும் ஏமாற்றம் இல்லை. காலை ஆறரை மணிக்குள் போனால் கீரையும் வாழைப்பூவும் வாழைத்தண்டும் இளசாகக் கிடைக்கும். நான் பட்டியல் எழுதிக்கொண்டு போவதில்லை. அன்று எது மலிவோ அதை வாங்கி வந்து, அதை வைத்தே அந்த வாரத்துச் சமையலைத் தீர்மானிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளியும் சின்ன வெங்காயமும் விலை ஏறும்போது புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, பருப்புத் துவையலும் மிளகு ரசமும் என்று மாறிக்கொண்டால் தக்காளி இல்லாத குறை தெரியாது. அந்த நாட்களுக்காகவே கோடையில் சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை வற்றலும் மோர்மிளகாயும் போட்டு வைக்கிறேன். புளி, மிளகாய், மல்லி ஆகியவற்றைப் புது வரவு வரும் மாசி, பங்குனியில் காந்தி மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கி, வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் பொடிப் பாக்கெட் வாங்கும் வேலை இல்லை. மொத்தமாக வாங்கும் பணம் ஒரே மாதத்தில் சுமையாகிவிடக் கூடாது என்பதால், அதற்காக மாதம் 300 ரூபாய் தனியாக எடுத்து வைப்பேன்.

மாமியாருக்கு என்று தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. கொள்ளு ரசம், முளைகட்டிய பச்சைப்பயறு, முருங்கைக்கீரைப் பொரியல், காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது தோசை ஆகியவை வீட்டில் எல்லோருக்கும் ஏற்றவை, விலையும் குறைவு. பிள்ளைகளுக்கு மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டலோ வேகவைத்த நிலக்கடலையோ கொடுங்கள். முட்டையை முப்பது கொண்ட அட்டையாக வாங்கினால் சில்லறை விலையைவிடக் குறையும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக்குப் பதிலாகச் சாளை மீனோ கோழியோ வாங்கலாம். எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி விசேஷ நாட்களுக்கு மட்டுமே.

எரிவாயுவையும் கவனியுங்கள். குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்துப் பருப்பு, சோறு, காய் மூன்றையும் ஒன்றாக வேகவைப்பதும், பயறு வகைகளை முதல் நாளே ஊறப்போடுவதும் ஒரு சிலிண்டரைப் பத்து நாட்கள் கூடுதலாக வரச் செய்கின்றன. மின்சாரத்தில் இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் கூடிவிடும். ஆகவே கோடையில் அந்த எல்லைக்குள் நிற்க முயன்றால் நல்ல பலன் உண்டு.

பதில் 2: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 25 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் முதல் மாத வட்டி மட்டும் 17,708 ரூபாய். அதாவது நீங்கள் கட்டிய 21,700 ரூபாயில் அசலில் கழிந்தது 4,000 ரூபாய்க்கும் குறைவு. 20 ஆண்டும் இப்படியே கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 52 லட்சம் ரூபாய் கொடுத்திருப்பீர்கள். கடனின் தொடக்கத்திலிருந்தே மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், அந்தத் தொகை முழுவதும் அசலிலேயே கழிவதால், கடன் 15 ஆண்டுகளுக்குள் முடியும். வட்டியில் 7 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கும் மேல் மிச்சமாகும். நீங்கள் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது என்பதால் இந்தப் பயனில் பெரும்பகுதி உங்களுக்கும் உண்டு. தொடர் வைப்பு தரும் வட்டி உங்கள் கடன் வட்டியைவிடக் குறைவு. ஆகவே அதில் போட்டுக் கடனை நீட்டிப்பதில் இலாபம் இல்லை.

வரிச்சலுகை பற்றி உறவினர்கள் சொன்னது பழைய வரி முறைக்குப் பொருந்தும். அதில்தான், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை. ஆனால் 2025-26 நிதியாண்டு முதல் அந்த முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரியே வராது. உங்கள் இருவரின் வருமானத்தையும் சேர்த்தாலும் ஆண்டுக்கு ஏழு லட்சம்தான் வருகிறது. கட்ட வேண்டிய வரியே இல்லாதபோது, சலுகைக்காகக் கடனைச் சுமப்பதில் பொருளில்லை.

சமையலறையைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் மாறும் வட்டியில் கொடுத்த வீட்டுக்கடன்கள் வங்கி தானே நிர்ணயிக்காத ஒரு வெளி அளவுகோலுடன், பெரும்பாலும் ரெப்போவுடன், இணைக்கப்பட்டிருப்பதால் அந்தக் குறைவு கடனாளிகளுக்கு வந்து சேர்ந்தது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவை தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்கின்றன. ஆகவே இப்போது புதிய கடனாளிகளுக்கு என்ன விகிதம் தருகிறீர்கள், சிறு கட்டணம் செலுத்தி அதற்கு மாற முடியுமா என்று எழுத்து வடிவில் கேளுங்கள். மறுத்தால், வேறு வங்கிக்குக் கடனை மாற்ற ஆகும் ஆவணச் செலவையும் பதிவுச் செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். 8.5 சதவீதம் 7.75 ஆனாலே மாதத் தவணை ஏறத்தாழ 1,170 ரூபாய் குறையும். தவணையைக் குறைத்துக்கொள்ளாமல் பழைய தொகையையே கட்டி வந்தால், உங்கள் 3,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு கடிதத்திலேயே கிடைத்துவிடும்.

பதில் 3: கணக்கு நோட்டு

மேலே சொன்னவை எல்லாம் சரியானவை. ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மாவு அரைப்பது, விடியற்காலையில் சந்தைக்குப் போவது, வற்றல் காயவைப்பது ஆகிய அனைத்தும் சகோதரியின் தலையிலேயே விழுந்தால் அவருடைய தையல் நேரம் குறையும். ஒரு மணி நேரத் தையலில் வரும் கூலி ஒரு மணி நேரச் சிக்கனத்தைவிட அதிகமாக இருக்கலாம். சந்தைக்குப் போவதையும் கிரைண்டரைக் கழுவுவதையும் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை பயறு முளைகட்டவும் வெங்காயம் உரிக்கவும் கற்றுக்கொள்ளட்டும். மூன்று மாதத் தவணைக்கு இணையான தொகையைக் கையிருப்பாகச் சேர்த்த பிறகே கூடுதல் தொகையைக் கடனில் கட்டத் தொடங்குங்கள். மாமியாருக்குத் திடீரென மருத்துவச் செலவு வந்தால், கடனில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. நகையைத்தான் அடகு வைக்க நேரிடும்.

துவாக்குடி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தென்னூர் சகோதரி சொன்னபடி சென்ற மாதச் செலவைப் பிரித்து எழுதினோம். வெளியில் வாங்கிய உணவும் நொறுக்குத்தீனியும் மட்டும் 4,100 ரூபாய். காய்கறிக்கும் பழத்துக்கும் செலவிட்டது 2,900 ரூபாய்தான். வெளியுணவை 1,500 ரூபாய்க்குள் நிறுத்துவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைகள் மாதத்தில் ஒரு நாள் பரோட்டா வேண்டும் என்று கேட்டார்கள், அதற்கு ஒப்புக்கொண்டோம். மாவை இனி வீட்டிலேயே அரைக்கப்போகிறோம், கிரைண்டரைக் கழுவும் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொண்டார். விகித மாற்றம் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதமும் அனுப்பிவிட்டோம். கையிருப்பு சேர்ந்த பிறகு 3,000 ரூபாயை மாதாமாதம் கட்டலாமா, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்ட வேண்டுமா என்பதை வங்கி ஐயா தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

எவ்வளவு விரைவில் கட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது. ஆண்டு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். சில நிறுவனங்கள் ஒரு தவணைக்கோ இரண்டு தவணைக்கோ குறைந்த தொகையைப் பகுதிக் கட்டணமாக ஏற்பதில்லை. உங்கள் நிறுவனத்திலும் அப்படி ஒரு வரம்பு இருந்தால், பணத்தைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, அந்த அளவு சேர்ந்தவுடன் கட்டிவிடுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் வசூலிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். பணம் கட்டும் ஒவ்வொரு முறையும், தவணைத் தொகையைக் குறைக்காமல் தவணைக் காலத்தைக் குறைக்குமாறு எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதில் அசல் நிலுவை நீங்கள் கட்டிய தொகை அளவுக்குக் குறைந்திருக்கிறதா, கடைசித் தவணையின் மாதம் முன்னே வந்திருக்கிறதா என்ற இரண்டையும் சரிபார்த்த பிறகே கிளையை விட்டுக் கிளம்புங்கள்.