யூகேல லெக்சரரா புதுசா சேர்ந்திருக்கீங்களா? ஆக்சென்ட் விஷயத்துல மனசு ஒடைஞ்சிடாதீங்க

முதல் செமஸ்டர் முடிஞ்சு, நான் எடுத்த பாடத்தைப் பத்தி ஸ்டூடண்ட்ஸ் எழுதின மாட்யூல் ஃபீட்பேக் வந்துச்சு, 11 கமெண்ட்ல 4 பேர் ஆக்சென்ட் புரியலன்னு எழுதியிருந்தாங்க, அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. மதுரைல 9 வருஷம் இங்கிலீஷ்லயே பாடம் எடுத்தவ நான்.

டிபார்ட்மென்ட்ல ஒரு வேல்ஸ்காரர், பெரியவர், என் கிளாஸ்ல வந்து கடைசி பெஞ்சுல ஒக்காந்து கேட்டாரு. உன் உச்சரிப்பை மாத்தாதே, வேகத்தைக் கொறை, அழுத்தத்தைப் பாருன்னாரு. நாம வேரியபிள், டெவலப்மென்ட் எல்லாத்தையும் ஒரே கனத்துல சொல்லிட்டுப் போயிடுறோம், இங்க இருக்குற ஸ்டூடண்ட்ஸ் காது முதல் வார்த்தைல முதல் அசையையும் அடுத்ததுல ரெண்டாவது அசையையும் தேடுது. அப்புறம் ஒவ்வொரு லெக்சருக்கும் முக்கியமான சொல்லையெல்லாம் டிக்‌ஷனரில பாத்து ஸ்லைடுல பெருசா போட்டேன், அடுத்த செமஸ்டர்ல அந்த மாதிரிப் புகார் ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு.

அந்த ஒண்ணும் ஏன் வந்திருக்கும்னா, 1992ல டொனால்ட் ரூபின்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் ஒரே அமெரிக்கக் குரல்ல பதிவு பண்ண லெக்சரை ஸ்டூடண்ட்ஸுக்குப் போட்டாரு, சிலருக்கு வெள்ளைக்காரப் பொண்ணு போட்டோ, சிலருக்கு ஆசியப் பொண்ணு போட்டோ. ஆசிய முகத்தைப் பாத்தவங்களுக்கு இல்லாத ஆக்சென்ட் கேட்டுச்சு, பாடமும் கம்மியாதான் புரிஞ்சுது. அதை நீங்க எவ்வளவு பிராக்டிஸ் பண்ணாலும் சரி பண்ண முடியாதுங்க, அது உங்க தப்பும் இல்ல.

அதனால ப்ரொபேஷன் மீட்டிங்ல வெறும் ஆக்சென்ட் கமெண்ட்டை வச்சு உங்களை எடை போட்டா, எந்த எடத்துல என்ன புரியலன்னு எழுத்துல கேளுங்க, மெயிலையெல்லாம் பத்திரமா வைங்க. பாகுபாட்டைத் தடுக்குற 2010 ஈக்வாலிட்டி ஆக்ட்ல ரேஸ் (இனம்)ங்கிறதுக்குள்ள நிறம், நேஷனாலிட்டி, பூர்வீகம் எல்லாம் வருது. யூசியூன்னு யுனிவர்சிட்டி, காலேஜ் ஊழியர்களுக்கான யூனியன் இருக்கு, அதுல வந்த மாசமே சேருங்க, பிரச்சனை வந்தப்புறம் சேர்ந்தா பழைய விஷயத்துக்கு ஒதவி கெடைக்கிறது கஷ்டம்.

மார்க் விஷயமும் சொல்லிடறேன், இங்க 70 வந்தாலே ஃபர்ஸ்ட் கிளாஸ், நம்மூர் ஞாபகத்துல தாராளமா 85, 90னு போட்டா மாடரேஷன்ல, அதாவது நாம போட்ட மார்க்கை இன்னொருத்தர் சரிபாக்கும்போது, கேள்வி வரும். ஸ்டூடண்ட்ஸ் நம்மளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது மரியாதைக் கொறைவு இல்ல. டிபார்ட்மென்ட் ஹெட்கிட்டேருந்து "டைம் கெடைச்சா இதைப் பாக்க முடியுமா"ன்னு மெயில் வந்தா, அது பெரும்பாலும் வேண்டுகோள் இல்ல, வேலை. நான் டைம் கெடைக்கட்டும்னு 3 வாரம் காத்திருந்து பேச்சு வாங்கினேன், நீங்க அன்னிக்கே எந்தத் தேதிக்கு வேணும்னு கேட்டு பதில் போட்டுடுங்க.